ஒரு புள்ளி தடிமன்

டெக் மென்பொருளோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம் கணிதத்தால் வந்ததில்லை. எனக்குக் கணக்கு பிளஸ் டூவோடு சரி. 1980களின் கடைசியில் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். இயற்பியல், கணித மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை டெக்கில் அடித்து ஃபிளாப்பியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை ஒழுங்காகக் காகிதத்தில் இறக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் நூத், தன் ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ இரண்டாம் பாகத்தின் மறுபதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து நொந்துபோய் 1977இல் ஆரம்பித்த வேலை இந்த டெக் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பித்ததை எங்கள் பிரிண்டரில் முடிக்க வேண்டியது நான்.

பின்னம், தொகையீட்டுக் குறி, அடைப்புக்குறியின் உயரம், வரியை எங்கே உடைப்பது என்பதுவரை டெக் பார்த்துக்கொள்ளும். ஆனால் முடிவில் அது எழுதிக் கொடுப்பது டி.வி.ஐ. என்ற ஒரு கோப்பு. எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். எழுத்தின் உருவம் கிடையாது. உருவத்தைப் புள்ளிகளாக்கிப் பிரிண்டருக்கு ஊட்டுவது வேறொரு புரோகிராம். டெக் தன் கணக்கை ஒரு பாயிண்டின் 65,536இல் ஒரு பங்கு நுணுக்கத்தில் போடும். எங்கள் பிரிண்டருக்குத் தெரிந்தது அங்குலத்துக்கு 300 புள்ளி. தலைவலி எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

லேசர் வருவதற்கு முன் 24 ஊசி டாட் மேட்ரிக்ஸ் ஒன்று இருந்தது. டெக் பக்கம் ஒன்றை அதில் கொடுத்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். ஒரு ஆய்வேடு முழுவதும் என்றால் ராத்திரியெல்லாம் அந்த அறையிலிருந்து பல் கூசுகிற சத்தம் வந்துகொண்டிருக்கும். பிறகு எச்.பி. லேசர்ஜெட் இரண்டாம் மாடல் வந்தது. 1984இல் வந்த முதல் லேசர்ஜெட்டுக்கும் 1987இல் வந்த இதற்கும் உள்ளே இருந்த எஞ்சின் கேனன் கம்பெனியுடையது; முதலாவதில் சி.எக்ஸ்., இதில் எஸ்.எக்ஸ். நிமிடத்துக்கு எட்டுப் பக்கம். அதற்கென்று ஏ.சி. போட்ட அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். காட்ரிட்ஜ் பூட்டிய பீரோவில் இருந்தது. கையெழுத்து வாங்காமல் புதுசு கிடைக்காது.

அதில் இருந்த மெமரி அரை மெகாபைட். ஏ4 பக்கம் ஒன்றை 300 புள்ளிக் கணக்கில் முழுப் படமாகப் போட்டால் ஒரு மெகாபைட்டைத் தாண்டும். ஆகவே தேவையான எழுத்துகளை முன்கூட்டியே பிரிண்டருக்குள் இறக்கிவைத்து, இதை இங்கே வை, அதை அங்கே வை என்று சொல்லித்தான் பக்கம் உருவாகும். வெறும் உரை என்றால் சர்ரென்று ஓடிவிடும். நடுவில் ஒரு கிராஃப் வந்தால் எரர் 20 என்று நிற்கும். பாதி கிராஃப் ஒரு தாளில், மீதி அடுத்த தாளில். மாணவர்கள் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து ஒட்டி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வார்கள். ஒட்டின கோடு தெரியாமல் ஜெராக்ஸ் எடுப்பதில் கேன்டீன் பக்கத்துக் கடைக்காரர் கெட்டிக்காரர்.

நாங்கள் ஓட்டியது எபர்ஹார்ட் மாட்டஸ் டாஸுக்காகச் செய்து இலவசமாகக் கொடுத்த எம்டெக். ஃபிளாப்பி ஃபிளாப்பியாகக் கைமாறி வந்தது. முதல் ஆய்வேட்டை அதில் கொடுத்த அன்றே பிரிண்டர் நின்றுவிட்டது. அதன் சின்னத் திரையில் ‘பி.சி. லோட் லெட்டர்’ என்று வந்தது. அட்டெண்டர் அதைப் பார்த்துவிட்டு, “கடுதாசி போடச் சொல்லுது சார், ஆபீஸ்ல கேட்டு வாங்கியாரவா?” என்றார். எங்களில் ஒருவருக்கும் அதைவிடத் தெளிவான விளக்கம் அன்று கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். ‘பி.சி.’ என்பது பேப்பர் கேசட், அதாவது தாள் வைக்கும் தட்டு. ‘லெட்டர்’ என்பது அமெரிக்கத் தாள் அளவு: 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். நம் ஏ4 அகலத்தில் 210, உயரத்தில் 297. மென்பொருள் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் தாள் அளவு என்று ஒரு எண்ணை அனுப்பும். லெட்டருக்கு 2, ஏ4க்கு 26. யாரும் மாற்றாததால் எங்களுடையது 2 என்றே அனுப்பிக்கொண்டிருந்தது. தட்டில் ஏ4 இருப்பதைப் பார்த்துப் பிரிண்டர் லெட்டரைக் கேட்டது. அமெரிக்கத் தாளை அந்த நிறுவனத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ‘கன்டின்யூ’ பொத்தானை அமுக்கினால் இருக்கிற தாளிலேயே அடித்துவிடும் என்று அட்டெண்டர் கண்டுபிடித்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டே அந்த ஆய்வேட்டை முடித்துக் கொடுத்த பெருமை அவருடையது. எண்ணை 26 ஆக்க எனக்குப் பிறகுதான் வழி தெரிந்தது.

தாள் அளவு சரியானாலும் எழுத்து தாளில் உட்காரும் இடம் சரியாக வராது. டெக்கின் கணக்கில் இடது ஓரத்திலிருந்து ஒரு அங்குலம், மேலிருந்து ஒரு அங்குலம் தள்ளித்தான் பக்கம் ஆரம்பிக்கும். பிரிண்டரோ தாளின் விளிம்பை ஒட்டிக் கொஞ்ச இடத்தில் அடிக்கவே அடிக்காது. அந்த இடத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு அபிப்பிராயம். லேடெக்கை எழுதிய லெஸ்லி லாம்போர்ட் இதற்கென்றே ‘டெஸ்ட்பேஜ்’ என்று ஒரு கோப்பு கொடுத்திருந்தார். அதை அடித்தால் அளவுகோல் போட்ட பக்கம் வரும். ஸ்கேலை வைத்து, எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அவ்வளவும் எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் என்றால் இன்னொரு வேடிக்கை. அது கீழ் மூலையிலிருந்து அளக்கும். கோப்பு லெட்டருக்கென்று தயாராகித் தாள் ஏ4 ஆக இருந்தால், இரண்டின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசமான 18 மில்லிமீட்டர் அப்படியே மேலே வெள்ளையாக நிற்கும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை வாங்கிக்கொள்ளும் மேசையில் ஒருவர் ஸ்கேலோடு உட்கார்ந்திருப்பார். பைண்டிங்குக்கு இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும் என்பது விதி. பிளாக் ஹோலைப் பற்றி ஐந்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவரின் ஆய்வேட்டை அவர் பிரித்து முதலில் பார்ப்பது அந்த ஒன்றரை அங்குலத்தைத்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வேட்டில் அவரால் சரிபார்க்க முடிந்தது அது ஒன்றுதான்.

மெட்ராஸ் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ரீமைப் பிரித்து வைத்த மறுநாளே தாள் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரத்தாளில் டோனர் ஒழுங்காக ஏறாது. டிரம்மிலிருந்து தாளுக்கு டோனரை இழுப்பது மின்னேற்றம். தாள் ஈரமானால் அந்த ஏற்றம் அதில் நிற்காமல் கசிந்துவிடும். எழுத்து திட்டுத் திட்டாக வெளுக்கும், தாள் சுருண்டு உள்ளே மாட்டும். புரொஃபசர் ஒருவர் வந்து, “எந்த ஃபான்ட் போட்டிருக்கே, மாத்திப் பாரேன்” என்பார். ஸ்டீல் பீரோவில் 60 வாட் பல்பை எரியவிட்டு அதற்குள் ரீமை வைத்தோம். பிரச்சினை தீர்ந்தது. மென்பொருள் சிக்கல் என்று எங்களிடம் வந்தவற்றில் நல்ல பாதி இப்படிப்பட்டவைதான்: ஈரத்தாள், தீரப்போகும் டோனர், மலிவு விலையில் ஓட்டை போட்டு ரீஃபில் செய்த காட்ரிட்ஜ், யாரோ உள்ளே கைவிட்டுத் திருப்பிவைத்த அடர்த்திச் சக்கரம். காட்ரிட்ஜைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் போடுவது என்ற வைத்தியத்துக்குக் கட்டுப்படாத நோய் வந்தால்தான் மென்பொருளைச் சந்தேகிக்க ஆரம்பிப்பேன்.

அப்படிக் கட்டுப்படாத நோய் இரண்டாவது பிரிண்டரோடு வந்தது. யூனிக்ஸ் இயந்திரங்களுக்காக வேறொரு கம்பெனியின் லேசர் பிரிண்டர் வாங்கினார்கள். பெயர் வேண்டாம். அதுவும் 300 புள்ளிதான். விலை அதிகம், போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியும், மெமரி தாராளம், கிராஃப் எல்லாம் முழுசாக வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். தூத்துக்குடிப் பக்கத்து மாணவர் ஒருவர் தன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை அதில் எடுத்துக்கொண்டு போனவர், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். “அண்ணே, இதைக் கொஞ்சம் படிங்க” என்றார். படித்தேன். எழுத்தெல்லாம் ஏதோ காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல மெலிந்திருந்தது. ஆங்கில ‘இ’ எழுத்துகளில் பாதிக்கு நடுக்கோடு இல்லை. எல்லாம் ‘சி’யாகிக் கிடந்தன. அதே கோப்பைப் பழைய லேசர்ஜெட்டில் எடுத்தால் கறுகறுவென்று அருமையாக வந்தது. சமன்பாட்டில் கீழே போடும் சின்ன ‘இ’, எலக்ட்ரானைக் குறிப்பது, அதுவும் ‘சி’யானால் ஒளியின் வேகமாகிவிடும். அவர் பயந்தது அதற்குத்தான்.

சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். தன் டெஸ்ட் பக்கத்தை அடித்துக் காட்டி, “பிரிண்டர் பர்ஃபெக்ட் சார், உங்க சாஃப்ட்வேர்ல கோளாறு” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த டெஸ்ட் பக்கத்தில் இருந்தவை அந்தப் பிரிண்டருக்கென்றே தயாரித்த எழுத்துகள். அவை நன்றாக வந்ததில் ஆச்சரியமில்லை.

காரணத்தைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் போக வேண்டும். எல்லா லேசர் பிரிண்டரிலும் ஒரு டிரம் உண்டு. அதன் மேல் மின்னேற்றம் கொடுத்து, லேசரால் வேண்டிய இடத்தில் ஏற்றத்தைப் போக்குவார்கள். கேனன் எஞ்சினில் லேசர் பட்ட இடத்தில் டோனர் ஒட்டும். அதாவது லேசர் எழுதுவது கறுப்பை. வேறு சில எஞ்சின்களில் லேசர் படாத இடத்தில்தான் டோனர் ஒட்டும். அங்கே லேசர் எழுதுவது வெள்ளையை. அது விட்டுவைத்த மிச்சம்தான் எழுத்து. இப்போது லேசர் புள்ளியின் அளவைக் கவனிக்க வேண்டும். கணினி கட்டம் கட்டமாகச் சதுரங்களை நினைத்துக்கொள்கிறது. லேசர் புள்ளியோ வட்டம். சதுரத்தின் மூலைவரை நிரப்ப வேண்டுமென்றால் வட்டம் சதுரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தாக வேண்டும். ஈரத்தரையில் வைத்த மாக்கோலப் புள்ளி மாதிரி ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டத்துக்குள் கொஞ்சம் பரவும். கறுப்பை எழுதும் எஞ்சினில் பரவுவது கறுப்பு, எழுத்து தடிக்கும். வெள்ளையை எழுதும் எஞ்சினில் பரவுவது வெள்ளை. நாலாபக்கமும் எழுத்தைத் தின்னும்.

டெக்கின் எழுத்துரு கம்ப்யூட்டர் மாடர்ன், பத்துப் பாயிண்டில் அதன் நிமிர்ந்த தண்டு ஒரு பாயிண்டின் 36இல் 25 பங்கு. 300 புள்ளியில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ மூன்று புள்ளி. ‘இ’யின் நடுக்கோடு 36இல் 11 பங்கு, ஒன்றேகால் புள்ளி. கால் புள்ளி வைக்க முடியாது, ஆகவே ஒரே ஒரு புள்ளி. ஒரு புள்ளி என்பது 0.085 மில்லிமீட்டர். கறுப்பை எழுதும் லேசர்ஜெட்டில் அந்த ஒற்றைப் புள்ளிக் கோடு கொஞ்சம் ஊதித் தெளிவாகத் தெரிந்தது. புதிய பிரிண்டரில் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வெள்ளை தின்று, மிச்சமிருந்த இழை தாளில் ஒட்டியும் ஒட்டாமலும் போயிற்று. மென்பொருளும் சரி, பிரிண்டரும் சரி. எங்கள் எழுத்துகள் லேசர்ஜெட்டுக்கென்று வெட்டியவை. அவற்றை அப்படியே புதியதிலும் போட்டிருந்தோம்.

நூத் இதை முன்பே யோசித்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு அவர்மேல் வந்த மரியாதை, டெக்கைப் பார்த்து வந்ததைவிடப் பெரியது. டெக்கோடு அவர் மெட்டாஃபாண்ட் என்ற இன்னொன்றையும் செய்திருந்தார். எழுத்தைப் படமாக வைத்துக்கொள்ளாமல், எப்படி வரைய வேண்டும் என்ற செய்முறையாக வைத்துக்கொள்வது அது. எந்தப் பிரிண்டருக்கு என்று சொன்னால் அதற்கேற்ற புள்ளிகளை அப்போதுதான் வரைந்து கொடுக்கும். அந்தச் சொல்லுக்கு ‘மோட்’ என்று பெயர். அதில் மூன்று திருகாணிகள். ‘பிளாக்கர்’ என்பது ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு கறுப்பைக் கூட்டுவது என்பது. ‘ஃபில்இன்’ என்பது சாய்கோடுகள் சேரும் மூலை அடைந்துபோவதைச் சரிக்கட்ட. மூன்றாவது, ‘ஓ’ போன்ற உருண்டை எழுத்துகள் வரிக்குக் கீழே கொஞ்சம் இறங்கி நிற்பதை எவ்வளவு அடக்குவது என்பது. கேனன் சி.எக்ஸுக்கு பிளாக்கர் பூஜ்யம், ஃபில்இன் 0.2, மூன்றாவது 0.6. உலகத்திலுள்ள பிரிண்டர்களுக்கெல்லாம் இப்படிப்பட்ட எண்களைத் திரட்டிய ஒரு கோப்பை கார்ல் பெரி என்பவர் பராமரித்துவந்தார். எங்கள் மாடல் அதில் இல்லை. நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பர்மா பஜாரில் வாங்கிய பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை நான் வைத்திருந்தேன். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அது. தூத்துக்குடி மாணவர் நூலகத்திலிருந்து மெட்டாஃபாண்ட் புத்தகத்தை எடுத்து வந்தார். பிளாக்கரை 0.2 ஆக வைத்து எழுத்தை வெட்டி, ‘இ’யும் ‘சி’யும் மாறி மாறி வரும் ஒரு வரியை அடித்து, லென்ஸில் பார்ப்போம். மாற்றமே இல்லை. 0.25, அதற்குப் பிறகு கோடு திடீரென்று தடித்தது. காரணம் எளிது: ஒன்றேகாலோடு காலைக் கூட்டினால் ஒன்றரை, ஒன்றரை தாண்டினால் இரண்டு புள்ளி. ஆனால் மயிரிழைக் கோடுகள் சில அப்போதும் ஒரு புள்ளியிலேயே நின்றன. 0.6 வைத்தபோது மெல்லிய கோடுகள் அத்தனையும் இரண்டு புள்ளியாயின. தண்டு மூன்றரையைத் தொடாததால் மூன்றிலேயே நின்றது. வளைவுகள் மூன்றிலிருந்து நாலாயின. அடித்துப் பார்த்தோம். ‘இ’ ‘இ’யாக வந்தது. லென்ஸ் இல்லாமல், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் லேசர்ஜெட் பக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சொல்லப்போனால் மூலைகள் இதில் கூர்மையாக இருந்தன.

எல்லா அளவுகளுக்கும் மறுபடி எழுத்து வெட்ட வேண்டும். 300 புள்ளிக்கு, 1.2 மடங்குப் பெருக்கமான 360க்கு, 432க்கு, 518க்கு என்று டெக்கின் பெருக்கல் வரிசையில் ஒவ்வொரு எழுத்துருவும் தனித்தனிக் கோப்பு. பழைய 286 இயந்திரத்தில் வேலையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் வந்து பார்த்தால் முக்கால்வாசி முடித்துவிட்டு, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நின்றிருந்தது. நாற்பது மெகாபைட் டிஸ்க். யாரோ ஏற்றிவைத்திருந்த சதுரங்க விளையாட்டை அழித்துவிட்டு மீதியை ஓட்டினோம். அந்த விளையாட்டு யாருடையது என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. பதவியில் பெரியவர், ஆகவே அதைப் பற்றி மேலும் எழுதப்போவதில்லை.

அந்த வருஷங்களில் சாயங்காலம் திருவல்லிக்கேணியில் ஒரு டி.டி.பி. கடைக்குப் போவேன். சம்பளம் போதாது என்பது ஒரு காரணம், தமிழ்ப் புத்தகம் எப்படித் தயாராகிறது என்று பார்க்கும் ஆசை இன்னொன்று. கடை முதலாளியை எல்லோரும் பாய் என்போம். அங்கே டெக் எல்லாம் கிடையாது, பேஜ்மேக்கர்தான். லேசரில் வெள்ளைத்தாளுக்குப் பதில் ட்ரேசிங் ஷீட் போட்டு எடுப்பார்கள். அதுதான் ஆஃப்செட் பிளேட்டுக்குப் போகும். பிலிம் எடுக்கக் காசில்லாத பதிப்பாளர்கள் அத்தனை பேருக்கும் ட்ரேசிங்தான் கதி. அதையும் மிரராக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எடுக்க வேண்டும். டோனர் ஏறிய பக்கம் பிளேட்டோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் ஒளி பக்கவாட்டில் புகாது. நேராக எடுத்துவிட்டால் டோனருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ட்ரேசிங்கின் தடிமன் நிற்கும். அந்த இடுக்கில் வெளிச்சம் நுழைந்து எழுத்தின் ஓரத்தை அரித்துவிடும். மறுபடியும் அதே கதைதான், இங்கே தின்பது லேசருக்குப் பதில் பிளேட் அறை விளக்கு.

“தம்பி, ஸ்கிரீன்ல நல்லாருக்குன்னு சொல்லாதே. பிளேட்ல ஏறுச்சா, அதச் சொல்லு” என்பார் பாய். அவர் கணக்கு அவ்வளவுதான். அவரிடம் ஒரு யுக்தி இருந்தது. டெமி 1/8 புத்தகத்தின் பக்கம் சின்னது. ஏ4இல் நிறைய இடம் மீதமிருக்கும். ஆகவே பக்கத்தை 144 சதவீதம் பெரிதாக்கி அடித்து, கேமராக்காரரிடம் கொடுத்துச் சுருக்கி பிலிம் எடுக்கச் சொல்வார். நல்ல பார்ட்டிகளுக்கு மட்டும். 300 புள்ளி பிரிண்டர் அப்போது 432 புள்ளி வேலை செய்யும். டெக்கின் பெருக்கல் வரிசையில் நான் பார்த்த அதே 432. பாய் எந்தப் புத்தகத்திலும் படித்து அதைத் தெரிந்துகொள்ளவில்லை.

தமிழ் எழுத்துக்கு உள்ள தொல்லை வேறு மாதிரி. ‘இ’யின் கோடு போவது ஆங்கிலத்தில் பிரச்சினை. நமக்கு ‘ண’, ‘ஞ’, ‘ஜ’ போன்றவற்றின் சுழி அடைந்துபோவது பிரச்சினை. பத்துப் பாயிண்டில், கறுப்பு ஊதும் எஞ்சினில், ‘ண’வின் உள்ளே இருக்கும் வெள்ளை இரண்டு மூன்று புள்ளிதான், டோனர் கொஞ்சம் அதிகமானால் கறுப்புக் கட்டியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி அதைவிட மோசம். விழுந்துவிட்டால் ‘க்’ ‘க’வாகும். ரீஃபில் காட்ரிட்ஜ் துப்பிய துகள் ஒன்று ‘க’வின் தலையில் உட்கார்ந்தால் ‘க’ ‘க்’காகும். புரூஃப் பார்ப்பவர் சரியாகப் பார்த்துக் கொடுத்த பக்கத்தில் ட்ரேசிங் எடுத்த பிறகு பிழை முளைக்கும். ஆகவே கடையில் ஒரு பெரியவர் கண்ணாடி மேசையின் கீழே ட்யூப்லைட் போட்டு, ஒவ்வொரு ட்ரேசிங்கையும் கவிழ்த்து வைத்து வரிவரியாகப் பார்ப்பார். வேண்டாத துகளை பிளேடின் மூலையால் சுரண்டுவார். விழுந்த புள்ளியை ரோட்ரிங் பேனாவால் வைப்பார். எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருக்கும். அவர் நேராகப் படிப்பதைவிட வேகமாக அதைப் படிப்பார்.

எங்கள் ஊழியர் மன்றத்து ஆண்டு மலரை மட்டும் டெக்கிலேயே தமிழில் செய்துபார்த்தேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே மெட்டாஃபாண்டில் செய்த தமிழ் எழுத்துரு கிடைத்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, அதை ஒரு புரோகிராம் மாற்றிக் கொடுக்கும். அந்த வெள்ளையை எழுதும் பிரிண்டருக்கு நாங்கள் கண்டுபிடித்த 0.6 தமிழுக்கு ஒத்துவரவில்லை, சுழிகள் அடைந்தன. பாதியாகக் குறைத்தேன், சரியாயிற்று. ஒரே பிரிண்டர், இரண்டு மொழி, இரண்டு எண். எழுத்தின் அழகைப் பற்றி இலக்கிய நண்பர்கள் சொன்ன குறைகள் வேறு. அவை நியாயமானவை. ஆனால் ஒரு ‘ண’வும் அடையவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1992இல் லேசர்ஜெட் 4 வந்தது, 600 புள்ளி. எங்களுக்கு வந்து சேர மேலும் சில வருஷம் ஆயிற்று. அதில் ‘இ’யின் நடுக்கோட்டுக்கு இரண்டரைப் புள்ளி கிடைத்தது, ‘சி’ புகார் ஒழிந்தது. 1997இல் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துகள் போஸ்ட்ஸ்கிரிப்ட் வெளிக்கோட்டு வடிவில் இலவசமாக அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் வழியே கிடைத்தன. பி.டி.எஃப். பரவிய காலம் அது. புள்ளிகளாக வெட்டிய எங்கள் பழைய எழுத்துகள் அக்ரோபேட் திரையில் ரம்பம் போலத் தெரிந்ததால் எல்லோரும் ஒரே நாளில் புதியதற்கு மாறினார்கள். நானும்தான். மெட்டாஃபாண்டைத் திறந்து வருஷக்கணக்காகிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெளிக்கோட்டு எழுத்துக்கு எல்லாப் பிரிண்டரும் ஒன்று. இந்த எஞ்சின் கறுப்பைத் தின்னும், கொஞ்சம் கூட்டிப் போடு என்று சொல்ல அதில் இடம் கிடையாது. 1200 புள்ளி பிரிண்டர் அந்த மயிரிழைக் கோட்டை உள்ளது உள்ளபடி, ஊதாமல், நாலு புள்ளியில் துல்லியமாக அடிக்கிறது. விளைவு, இன்றைய டெக் பக்கங்கள் வெளிறிக் கிடக்கின்றன. கம்ப்யூட்டர் மாடர்ன் மெல்லிசு, கண்ணைக் கஷ்டப்படுத்துகிறது என்று இப்போதைய மாணவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். எழுத்தின் மேல் பழி. பழைய லேசர்ஜெட்டில், ஊதிய கறுப்போடு, அதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மெட்டாஃபாண்டின் வழியே சரி என்பதுதான் என் தீர்ப்பு. அது தோற்றதற்குக் காரணம் ராத்திரி முழுக்க எழுத்து வெட்ட யாருக்கும் பொறுமையில்லை என்பது. எனக்கும் இல்லை.

இப்போது ஆய்வேடு அச்சிடப்போகிறவர்கள் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். கடையில் நேராக முழுசையும் கொடுக்காதீர்கள். சமன்பாடும் அடிக்குறிப்பும் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் முதலில் எடுத்து, எட்டுப் பாயிண்ட் எழுத்துகளை ஒரு லென்ஸில் பாருங்கள். டோனர் மிச்சம் பிடிக்கும் எக்கானமி மோடைக் கடைக்காரர் போட்டு வைத்திருப்பார், அணைக்கச் சொல்லுங்கள். கோப்பு ஏ4 தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், லெட்டர் இன்னும் சாகவில்லை. முக்கியமாக, பிரிண்ட் பெட்டியில் ‘ஃபிட்’ என்று இருந்தால் அதை ‘ஆக்சுவல் சைஸ்’ ஆக்குங்கள். அது சத்தமில்லாமல் பக்கத்தைச் சில சதவீதம் சுருக்கிவிடும், ஒன்றரை அங்குலம் ஒன்றரை அங்குலமாக இருக்காது. ஸ்கேலோடு உட்கார்ந்திருப்பவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.